பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் மாட்டுவது எப்படி? ‘ஃபார்மேட்’ செய்யச் சொன்னால் என்ன பண்ணணும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டும் என்றால் ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்பு வசதி தேவை. அது இல்லாத பழைய டெஸ்க்டாப்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்படுகின்றன. மேசைக்குப் புது கம்ப்யூட்டர் வருகிறது; பழைய சிபியு பரணுக்குப் போகிறது. சில வீடுகளில் நேராகக் காயலான் கடைக்கே போய்விடுகிறது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. போனில் எடுக்கும் படம் தானாக கிளவுடில் சேரும் வசதி வருவதற்கு முன்பு எடுத்த போட்டோக்கள், இப்போது உயிரோடு இல்லாத தாத்தா பேசும் வீடியோ, கடையின் பத்து வருடக் கணக்கு, காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் பல வீடுகளில் அந்த ஒரே டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு நகலே கிடையாது.

அதை எடுத்துப் புது டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிரைவாக மாட்டுவது அரை மணி நேர வேலை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் இரண்டு கேபிளும் போதும். ஆபத்து மாட்டுவதில் இல்லை. மாட்டி முடித்த பிறகு திரையில் வரும் ஒரு கேள்விக்கு அவசரப்பட்டு ‘ஓகே’ கொடுப்பதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது எந்த வகை?

டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் இரண்டு தலைமுறை உண்டு. டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டு வரிசையாகக் குட்டிக் குட்டி ஊசிகள், பக்கத்தில் நான்கு தடித்த ஊசிகள் இருந்தால் அது ஐடிஇ வகை. ‘பாட்டா’ என்றும் சொல்வார்கள். அகலமான ரிப்பன் கேபிள் இதற்குத்தான் வரும். ஊசியே இல்லாமல், ‘எல்’ வடிவத்தில் தட்டையான இரண்டு இணைப்புகள் இருந்தால் அது சாட்டா. சிறியது டேட்டாவுக்கு, பெரியது கரன்ட்டுக்கு.

சாட்டா 2003-ல் வந்தது. இன்றைக்கும் டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் அதே இணைப்போடுதான் விற்கப்படுகின்றன. நொடிக்கு 1.5 ஜிகாபிட் வேகத்துக்கு உருவான முதல் தலைமுறை டிஸ்க்கை, 6 ஜிகாபிட் வேகம் உள்ள இன்றைய மதர்போர்டில் செருகினாலும் வேலை செய்யும். வேகத்தை இரண்டும் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளும். எனவே உங்களுடையது சாட்டா என்றால் பாதிக் கவலை முடிந்தது.

ஐடிஇ என்றால் கொஞ்சம் சிக்கல். 2006-ல் வந்த சிப்செட்டுகளிலிருந்தே இன்டெல் இந்த வசதியை எடுத்துவிட்டது. இன்றைய மதர்போர்டில் அந்த நீளமான சாக்கெட்டைத் தேடினாலும் கிடைக்காது. அதற்கு ஐடிஇ - யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். வாங்கும்போது தனி பவர் அடாப்டரோடு வருகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் சுழல 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் இதற்கெல்லாம் சரியான இடம்.

ஐடிஇ டிஸ்க்கின் பின்னால் ‘ஜம்பர்’ என்ற குட்டி பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டிய காலத்தில் எது ‘மாஸ்டர்’, எது ‘ஸ்லேவ்’ என்று சொல்வதற்கான ஏற்பாடு அது. கன்வெர்ட்டரில் தனியாக மாட்டும்போது ‘மாஸ்டர்’ நிலையில் வையுங்கள். எந்த ஊசியில் மாட்ட வேண்டும் என்ற படம் டிஸ்க்கின் லேபிளிலேயே இருக்கும்.

பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கையும் இதே போல டெஸ்க்டாப்பில் மாட்டலாம். இணைப்பு ஒன்றுதான், அளவு மட்டும்தான் சின்னது.

பவர் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போன்ற தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவான இடைவெளி அது. உள்ளே ஈரமோ தூசியோ இருக்கும்போது தட்டு சுழன்றால் முனை தட்டைக் கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்த டேட்டா திரும்ப வராது.

ஆகவே, வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குக்கு வீட்டில் பவர் கொடுக்கவே கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்த வீடுகளில் நனைந்த சிபியுக்கள் ஏராளம். ‘காய்ந்துவிட்டதே, ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்’ என்ற எண்ணம்தான் ஆபத்து. அரிசி மூட்டையில் புதைப்பது, ஹேர் டிரையரில் காட்டுவது எல்லாம் உதவாது. கீழே விழுந்த டிஸ்க்குக்கும் இதே விதி. இவற்றை டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.

பரணில் பத்திரமாக இருந்த, நனையாத டிஸ்க் என்றால் தைரியமாக அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

மாட்டுவது எப்படி?

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும், பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். டிஸ்க்கை எடுக்கும்போது ஓரங்களைப் பிடித்து எடுங்கள். அடியில் இருக்கும் பச்சை சர்க்யூட் போர்டில் விரல் பட வேண்டாம்.

கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கென்று 3.5 அங்குல அறை இருக்கும். சிலவற்றில் பிளாஸ்டிக் தட்டு, சிலவற்றில் ஸ்க்ரூ. டிஸ்க்கைப் படுக்க வைத்தாலும் சரி, பக்கவாட்டில் நிறுத்தினாலும் சரி, இறுக்கமாக உட்கார வேண்டும். ‘கொஞ்ச நேரம்தானே’ என்று கேபிளில் தொங்கவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான ஸ்க்ரூ குட்டையானது. கையில் கிடைத்த நீளமான ஸ்க்ரூவை முறுக்கினால் உள்ளே போய் இடித்துவிடும். பழைய சிபியுவில் அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்து டேட்டா கேபிள். ஒரு முனை டிஸ்க்குக்கு, மறுமுனை மதர்போர்டில் இருக்கும் சாட்டா போர்ட்டுக்கு. ‘எல்’ வடிவம் பொருந்தும் திசையில் மட்டும்தான் போகும். போகவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள். டிஸ்க்கில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் வேலை பெரிதாகிவிடும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: புது மதர்போர்டுகளில் ‘எம் டாட் 2’ எஸ்எஸ்டி போட்டிருந்தால், சில சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். இரண்டும் ஒரே வழியைப் பகிர்வதுதான் காரணம். டிஸ்க் தெரியவில்லை என்றால் ‘போச்சு’ என்று முடிவு கட்டாமல் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். எந்த போர்ட் அணையும் என்பது மதர்போர்டின் கையேட்டில் இருக்கும்.

கடைசியாக பவர் கேபிள். பவர் சப்ளையிலிருந்து வரும் கொத்தில் ஒரு சாட்டா பவர் முனை காலியாக இருந்தால் அதைச் செருகினால் போதும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளை என்றால் அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். வேறு கம்பெனி கேபிள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம். தவறான வோல்ட்டேஜ் போய் டிஸ்க் அந்த நொடியே கருகிவிடும். இரண்டாவது, பழைய நான்கு ஊசி முனையை சாட்டாவாக மாற்றும் மலிவான அடாப்டர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. முடிந்தவரை அடாப்டரே இல்லாமல் மாட்டுங்கள்.

டேட்டா கேபிள் மலிவு. பழைய கேபிள் தளர்ந்திருந்தால் யோசிக்காமல் புதிது வாங்கிவிடலாம்.

ஆன் செய்ததும் பழைய விண்டோஸ் வந்துவிட்டால்?

பயப்பட வேண்டாம். பழைய டிஸ்க்கிலும் ஒரு விண்டோஸ் இருக்கும். எதிலிருந்து துவங்குவது என்று கம்ப்யூட்டர் குழம்பிப் பழையதைத் தேர்ந்தெடுத்திருக்கும். உடனே அணைத்துவிட்டு, ஆன் செய்யும்போது பயாஸ் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2 பட்டன். அங்கே ‘பூட்’ வரிசையில் புது எஸ்எஸ்டியை முதலிடத்துக்குக் கொண்டுவந்து சேமியுங்கள்.

அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டாம். முக்கியமாக, ‘ஏஹெச்சிஐ’, ‘ரெய்டு’ என்று இருக்கும் சாட்டா அமைப்பை மாற்றினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புது விண்டோஸே துவங்காமல் போகலாம்.

அந்த ஒரு கேள்வி

எல்லாம் சரியாக இருந்தால் ‘திஸ் பிசி’யில் புதிதாக ஒன்றிரண்டு டிரைவ் எழுத்துகள் தெரியும். திறந்தால் பழைய ஃபோல்டர்கள் இருக்கும். 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்று காட்டினால் எதுவும் காணாமல் போகவில்லை. கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ன் மடங்கில் எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சில சமயம் ஃபோல்டருக்குப் பதிலாக ஒரு பெட்டி வரும். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். இல்லையென்றால் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியைத் திறந்ததும் ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும்.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: கேன்சல்.

விண்டோஸ் இங்கே சொல்வது ‘இந்த டிஸ்க்கில் இருப்பதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்பதை மட்டுமே. உள்ளே ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. ஃபார்மேட் கொடுத்தால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பழைய பட்டியலின் இடத்தில் வெறும் பட்டியல் ஒன்று எழுதப்படும். ‘இனிஷியலைஸ்’ கொடுத்தால், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற வரைபடமே மாற்றி எழுதப்படும். அதுவரை எளிதாக மீட்க முடிந்த டேட்டா, அதன் பிறகு பணம் செலவழித்து மீட்க வேண்டிய டேட்டாவாக ஆகிவிடும்.

கேன்சல் கொடுத்த பிறகு, ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் க்ளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறந்து, பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

‘ஹெல்தி’ என்று இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை. ரைட் க்ளிக் செய்து எழுத்து ஒன்றைக் கொடுத்தால் உடனே திறக்கும். டேட்டாவுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

‘ஆஃப்லைன்’ என்றால், பெரும்பாலும் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கிறது என்று பொருள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து புதியதில் போட்டவர்களுக்கு இது வரும். ரைட் க்ளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுக்கலாம். ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

‘ஃபாரின்’ என்றால், பழைய கம்ப்யூட்டரில் ‘டைனமிக் டிஸ்க்’காக இருந்தது என்று அர்த்தம். ‘இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் ‘கன்வெர்ட் டு பேசிக்’ பக்கம் போகாதீங்க. அது உள்ளே இருக்கும் பார்ட்டிஷன்களை அழித்துவிடும்.

‘ரா’ என்றால் இரண்டு வாய்ப்புகள். பட்டியல் கெட்டுப்போயிருக்கலாம், அல்லது அது விண்டோஸுக்கே புரியாத லினக்ஸ் டிஸ்க்காக இருக்கலாம். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ஸும் இருந்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட டிஸ்க்கின் லினக்ஸ் பகுதியை விண்டோஸ் காலி என்றே நினைக்கும். பென் டிரைவில் லினக்ஸ் போட்டுத் துவக்கிப் பார்த்தால் ஃபைல்கள் சாதாரணமாகத் திறக்கும்.

‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றும், அளவே தெரியாமலும் இருந்தால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

டிஸ்க் எவ்வளவு நாள் தாங்கும்?

ஃபைல்கள் தெரிந்துவிட்டன என்றால், நகலெடுக்கும் முன் ஒரு நிமிடம் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் ‘ஸ்மார்ட்’ என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்திருக்கும். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதை நிறத்தில் காட்டும். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம்.

பார்க்க வேண்டியவை மூன்று. 05 என்ற வரி, கெட்டுப்போனதால் ஒதுக்கி மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் பகுதிகள். சி6, சரிசெய்ய முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான்.

நீலம் வந்துவிட்டது என்பதற்காக நகலெடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கூகுள் தன் சர்வர்களில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. டிஸ்க்கின் பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அது சொன்னது. அதே கட்டுரை சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியம்: செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில் நான்கு முக்கிய ‘ஸ்மார்ட்’ அறிகுறிகளில் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதாவது, மஞ்சள் வந்தால் அவசரம். நீலம் என்பது உத்தரவாதம் கிடையாது.

எதை முதலில் எடுப்பது?

வேறெங்கும் இல்லாததை முதலில் எடுங்கள். போட்டோ, வீடியோ, ஆவணங்கள், கணக்கு. சினிமாவும் பாட்டும் கடைசி. மென்பொருட்களை நகலெடுத்துப் பயனில்லை. அவற்றைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். பாதியில் கரன்ட் போனாலும் மூலம் அப்படியே இருக்கும். பழைய டிஸ்க்கில் இருந்தபடியே ஒவ்வொரு போட்டோவாகத் திறந்து ரசிக்கத் தோன்றும். முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, நகலைத் திறந்து பாருங்கள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் 500 ஜிபிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். பழைய யூஎஸ்பி 2.0 வழியாக என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடும்.

டிஸ்க் திணறினால், பழக்கதோஷத்தில் ‘செக் டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது பட்டியலைச் சீராக்கப் பார்க்குமே தவிர உங்கள் போட்டோவைக் காப்பாற்றப் பார்க்காது. சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் சுழற்றுவதும் ஆபத்து. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு ‘ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ’ என்ற கருவி இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளோடு பிறகு போராடும்.

எங்கே தேடுவது? விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க் என்றால் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற ஃபோல்டர். விஸ்டாவிலிருந்து ‘யூசர்ஸ்’. அதற்குள் பழைய பயனர் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தவையும் அதற்குள்தான் இருக்கும். ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ தெரியும்படி வைத்துக்கொண்டால் அவுட்லுக் மெயில்கள் போன்ற மறைந்திருப்பவையும் சேர்ந்து வரும். கடை வைத்திருந்தவர்கள் டேலியின் ‘டேட்டா’ ஃபோல்டரை, எண்களைப் பெயராகக் கொண்ட உள்ஃபோல்டர்களோடு அப்படியே எடுக்க வேண்டும்.

‘திறக்க அனுமதி இல்லை’ என்று வந்தால் ‘கன்டினியூ’ கொடுங்கள். பழைய கம்ப்யூட்டரின் பயனர் கணக்கு புதியதில் இல்லாததால் வருவது அது. ‘பிட்லாக்கர்’ பூட்டு கேட்டால் பாஸ்வேர்டு அல்லது 48 இலக்க மீட்பு எண் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தமிழில் டைப் செய்தவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம்

பழைய வேர்டு ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறதா? ஃபைல் கெடவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டேம், டேப், டிஸ்கி, வானவில் என்று பல முறைகளில் தமிழ் டைப் செய்யப்பட்டது. தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. அந்தப் பழைய ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் குப்பையாகத்தான் தெரியும்.

ஆகவே பழைய டிஸ்க்கின் ‘விண்டோஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் மறக்காமல் நகலெடுங்கள். தேவையான ஃபான்ட்டைப் புது கம்ப்யூட்டரில் நிறுவினால் பழைய கடிதமும் கதையும் மறுபடி தமிழாகும். பிறகு ‘என்எச்எம் கன்வெர்ட்டர்’ போன்ற கருவிகளில் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கைத் தூக்கிப் போட்ட பிறகு அந்த ஃபான்ட்டைத் தேடுவது கஷ்டம்.

‘டிக்… டிக்’ என்று சத்தம் வந்தால்?

உடனே அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை இடம் தெரியாமல் அடித்துக்கொள்ளும் சத்தம் அது. ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற வைத்தியம் எதுவும் வேண்டாம். மூடியைத் திறந்தால் தூசி புகுந்துவிடும். அந்த டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால், தூசியில்லாத அறை வசதி உள்ள ரெக்கவரி நிறுவனத்திடம்தான் போக வேண்டும். செலவு அதிகம். முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

அதற்காக நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2003 பிப்ரவரி 1-ம் தேதி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு சிதறிய கொலம்பியா விண்கலத்தின் சிதைவுகளில் ஒரு ஹார்ட் டிஸ்க் கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்த ஆய்வுத் தகவல்களில் சுமார் 99 சதவீதத்தை வல்லுநர்கள் மீட்டார்கள். 

நகலெடுத்த பிறகு அந்த டிஸ்க்கை என்ன செய்வது?

உடல்நிலை நன்றாக இருந்தால் கம்ப்யூட்டருக்குள்ளேயே விட்டுவைக்கலாம். சினிமா, கேம் இன்ஸ்டாலர், தொலைந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய எதையும் போடலாம். மாதாந்திர பேக்கப்பின் கூடுதல் நகலுக்கும் ஆகும். ஆனால் எந்த ஒன்றுக்கும் அது ஒரே வீடாக இருக்கக் கூடாது. பத்து வருடம் ஓடிய டிஸ்க் இன்னும் பத்து வருடம் ஓடலாம், நாளைக்கே நின்றும் போகலாம்.

மீட்ட போட்டோக்களுக்கு ‘3-2-1’ என்ற விதி பொருந்தும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. புது கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் அண்ணன் வீட்டிலோ ஒன்று என்று வைத்தால் முடிந்தது.

விற்பதாக இருந்தால்?

டெலீட் செய்தால் போதாது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இருவர் 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129 டிஸ்க்குகளில் வெறும் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் உட்பட பல அந்தரங்கத் தகவல்கள் இருந்தன. நம் ஊர் டிஸ்க்கில் ஆதார் நகல், பான் கார்டு, பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நகல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்து உறுதி செய்த பிறகு, இப்போது ஃபார்மேட் செய்யலாம். அப்போது ‘குயிக் ஃபார்மேட்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மேட், டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. சில மணி நேரம் பிடிக்கும், பொறுத்துத்தான் ஆக வேண்டும். வேலை செய்யாத டிஸ்க்கை இப்படி அழிக்க முடியாது. ட்ரில் போட்டுத் தட்டை ஓட்டையாக்கிவிட்டுக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. காயலான் கடையைவிட, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு செய்த மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பது நல்லது.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பரணில் கிடக்கும் சிபியுவை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். சுழலாமல் கிடக்கும் டிஸ்க்குக்கும் வயசாகிறது. ஐடிஇ கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும் காலத்திலேயே, டிஸ்க் சுழலும் நிலையில் இருக்கும்போதே, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுவது நல்லது.